ஆறாவது காப்பு

சுனைமலை அடிவாரத்துல ஒரு சின்ன மடம் உண்டு. மேல, மலை உச்சியில, மடத்த ஆரம்பிச்ச பெரியசாமி அடங்கின எடம். கீழ இருந்து அங்க போவ நானூத்தி எம்பது படி.

தை மாசம் பெரியசாமிக்கு குருபூச. அன்னைக்கு அடிவாரத்து ஊத்துல ஒரு பித்தளைக் குடத்துல தண்ணி கோரி, ஒருத்தன் தலையில வச்சு மேல கொண்டு போவணும். அந்தத் தண்ணி போய்ச் சேந்தாத்தான் பூச.

அந்த ஒருத்தன் நான்தான். பத்தொம்பது வருசமா.

எம்பேரு வண்டிமலையான். அப்பன் கொலசாமி பேர வச்சாரு. ஒடம்பு அத வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு.

படிப்பு மூணாப்பு. அதுக்கு மேல பெஞ்சு தாங்கல. அப்புறம் அரிசி மில்லுல லோடுமேன். நூறு கிலோ மூட்டைய முதுகுல வாங்கிட்டு ஓடுவேன். ஓடுதவனுக்குப் பசிக்கும், ஒரு கூடை சோறு தின்னுவேன். எட்டு வருசத்துக்கு முன்னால மடத்தோடயே வந்துட்டேன். உக்கிராணத்துச் சாவிய இடுப்புல சொருவிக் குடுத்தாவ. உக்கிராணம்னா சாமான் வைக்குத அறை. அன்னைக்கோட மூட்டை தூக்குதத விட்டாச்சு. கூடைய விடல.

மலையில நூத்தித் தொண்ணூறாவது படிகிட்ட ஒரு சுமைதாங்கிக் கல்லு நிக்கும். ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு கல்லு படுக்க வச்சது. தலைச்சுமையோட வாரவன் யாரையும் கூப்பிடாம தானே இறக்கி, தானே ஏத்திக்கிடலாம். சரியா தோள் உசரம்.

எனக்கு முன்னால குடம் தூக்கினவுக எல்லாம் அங்கன இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் போவாவ. நான் இறக்கினதில்ல. அந்தக் கல்லுகிட்ட வந்தா வேணும்னே ஒரு எட்டு வேகமா வைப்பேன். "நாம லோடுமேன்டே"ம்பேன். சனங்க கை தட்டும்.

போன வருசம் அந்தக் கல்லுகிட்ட வாரப்பவே முட்டி ஆட்டம் குடுத்துட்டு. இறக்கியிருக்கலாம். கை தட்ட ஆள் நின்னுச்சு. ஒரு எட்டு வேகமா வச்சேன்.

இருபது படி தாண்டி விழுந்தேன். குடம் உருண்டு போச்சு. தண்ணி படி படியா எனக்கு முன்னால கீழ இறங்கிப் போச்சு.

என்னைய நாற்காலியில வச்சு நாலு பேரு கீழ தூக்கிட்டு வந்தாவ. பாதியில ஆள மாத்தினாவ.

"ஏலே, இறங்குதப்பவே இப்படி மூச்சு வாங்குதியளே. நாளைக்கு என்னைய சுடுகாட்டுக்கு எப்படிடே கொண்டு போவீய?"

எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். மத்தவன் சொல்லுததுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா பாதி வலிதான். பாக்கிப் பாதி இருக்கத்தான் செய்யும்.

டவுன் டாக்டரு முட்டியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, முட்டிக்காவ பரிதாபப்பட்டாரு.

"இருபது கிலோ குறைக்கணும். இல்லன்னா படி ஏறுதத மறந்துருங்க."

உக்கிராணத்துல மூட்டை நிறுக்குத தராசுல ஏறி நின்னேன். நூத்தி முப்பத்தொண்ணு. ஒரு மூட்டையும் ஒரு கால் மூட்டையும்.

எங்க குரு கோமதியம்மா. வயசு நாப்பத்திரெண்டு. எனக்கு அம்பத்தாறு. அவங்க குருவா வாரதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தையக்கடை வச்சிருந்தாவ. என் சட்டைய அஞ்சு தடவை பிரிச்சுப் பெருசாக்கித் தச்சுக் குடுத்திருக்காவ. ஒரு தடவையும் ஏன்னு கேக்கல. நான் அவங்க கால்ல விழுவேன். அவங்க என்னைய அண்ணாச்சிம்பாவ.

"அம்மா, எனக்கு காப்பு கட்டணும்."

"என்ன விரதம் அண்ணாச்சி?"

"வாய்க்கு."

அம்மா மஞ்சக் கயித்த எடுத்தாவ.

எங்க மடத்துல காப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. அமாவாசை அன்னைக்குத்தான் கட்டணும். நாப்பத்தெட்டு நாள். மத்தியானம் அளவாச் சோறு, சாயங்காலம் கஞ்சி, இடையில ஒண்ணும் கிடையாது. தப்பிட்டா, தானே கயித்த அறுத்து வாசல்ல நிக்குத வேம்புல கட்டிரணும். போறவன் வாரவன் பாப்பான். திரும்பக் கட்டணும்னா அடுத்த அமாவாசை.

மாசி அமாவாசைக்குக் கட்டினேன். நாலாம் நாளு ஒரு கை அவல். ஒரே கை. வெல்லம் போட்டது.

கயித்த வேம்புல கட்டிட்டு நேரா முக்குக்கடைக்குப் போனேன். அடுத்த அமாவாசைக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள் கிடக்கு. காப்பு போனவனுக்கு ஏது கட்டுப்பாடு. பஜ்ஜி, போண்டா, கருப்பட்டி மிட்டாயி. நாளைக்கு சாவப்போறவன் மாதிரி தின்னேன். இருபத்தஞ்சு நாளும் நாளைக்குத்தான் சாவப்போறேன்.

பங்குனிக்குக் கட்டினேன். ஆறாம் நாள் வடை. சித்திரைக்குக் கட்டினேன். ரெண்டாம் நாள். எதுன்னு சொல்ல மாட்டேன், அது எச்சி.

இப்படி ஆனி முடிய அஞ்சு காப்பு. வேம்புல அஞ்சும் வரிசையாத் தொங்குச்சு.

"அண்ணாச்சி, தோரணம் கட்டியாச்சு போல. கல்யாணம் எப்ப?"

"மாப்பிள ஒடம்பு எளச்சதும்டே."

சிரிப்பாவ. நானும் சிரிப்பேன். வேம்பு பக்கமா நடக்காம சுத்திப் போவேன்.

ஆடி அமாவாசைக்கு ஆறாவது காப்பு. மூணாம் நாளே தப்பிட்டேன்.

இந்தத் தடவை அறுக்கல.

அறுக்க முடியல. வேம்புல ஆறாவதக் கட்டுததுக்கு கை எந்திரிக்கல. கயிறு கையிலயே கிடந்துச்சு. பந்தியில எல்லாரு கூடவும் உக்காந்து நாலு வாய்ச் சோறு. "போதும்"னு எலைய மடக்குவேன். மத்தியானம் மடமே சாஞ்சு படுத்ததும் உக்கிராணத்தத் தொறந்து உள்ள போவேன். சாவி எங்கிட்டதான இருக்கு.

பொட்டுக்கடலை, வெல்லம், சாமிக்குப் படைச்ச மிச்சம். நின்னுக்கிட்டே திம்பேன். காது வாசல்ல இருக்கும்.

ஊரு என்ன சொல்லிச்சு தெரியுமா. "இந்தத் தடவை அண்ணாச்சி பிடிச்சுக்கிட்டாரு"ன்னுச்சு. பதினஞ்சு நாளாச்சு, இருபது நாளாச்சு. பொம்பளைங்க புருசன்மாரக் கூட்டிட்டு வந்து என்னையக் காட்டினாவ.

"பாருங்க. அவுகளால முடியுது."

"ஆனா எளைக்கலியே?"

"உள்ள எளச்சிருக்கும். வெளிய தெரிய நாளாவும்."

நான் தலைய ஆட்டிக்கிட்டு நிப்பேன். உண்டியல் மாதிரி. வெளிய பூட்டு, உள்ள என்ன கிடக்குன்னு எவனுக்கும் தெரியாது.

கொம்பையான்னு ஒரு ஆளு. மினிபஸ்ஸுல கண்டக்டரு. அவனும் நம்ம சாதி, ஒடம்பச் சொல்லுதேன். பஸ்ஸுல நடுவுல நடக்க முடியாம படியில நின்னே டிக்கெட்டு குடுப்பான். அவன் ஆவணி அமாவாசைக்கு மடத்துக்கு வந்தான். எம்முன்னால கைய நீட்டினான்.

"உங்களப் பாத்துத்தான் அண்ணாச்சி கட்டுதேன். வீட்டுல உங்க பேரச் சொல்லி சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அம்மா கயித்தக் கட்டினாவ. கட்டிக்கிட்டே என் கையப் பாத்தாவ. நான் கைய வேட்டிக்குள்ள இழுத்துக்கிட்டேன்.

ஏழாம் நாள் மத்தியானம் கொம்பையா வந்தான். சீருடையோட. அறுத்த கயிறு கையில.

"போச்சு அண்ணாச்சி."

"என்னத்தத் தின்னே?"

"மிக்சரு. பெட்டிக்கடையில ஒரு பொட்டணம். பிரிக்கையில நெனப்பு வரல. மடிக்கையில வருது."

"அது சும்மா காத்துடே. விடு."

"உங்களால முடியுதே. முப்பத்தேழு நாளா முடியுதே. எனக்கு ஏழு நாள் முடியலியே. நான் என்ன சென்மம் அண்ணாச்சி?"

அழுதான். அவ்வளவு பெரிய ஒடம்புக்கு அழுகை ரொம்பச் சின்னதா வந்துச்சு.

"உக்காரு, வாரேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சேன். நேரா உக்கிராணத்துக்குப் போனேன்.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. சாயங்காலம் பூசைக்கு வாரவுகளுக்குக் குடுக்க சக்கரப்பொங்கல் உருளியில இருந்துச்சு. கரண்டிய எடுக்கக்கூடப் பொறுக்கல. கைய விட்டு அள்ளினேன். ஒண்ணு. ரெண்டு. மூணாவது கை வாயில இருக்கையில கதவு தொறந்துச்சு.

அம்மா.

வாய் நெறைய பொங்கல். முழுங்கினா சத்தம் கேக்கும். துப்பினா அம்மா முன்னாடி துப்பணும். அப்படியே நின்னேன். நெய்யி முழங்கை வழியா ஒழுகி காப்புக் கயித்துல ஊறுச்சு.

"இஞ்சி எடுக்க வந்தேன் அண்ணாச்சி."

இஞ்சிய எடுத்தாவ. போய்ட்டாவ.

ஏசியிருந்தா தேவலன்னு இருந்துச்சு. சாவிய வச்சுட்டுப் போயிருவோமான்னு நெனச்சேன். முழுங்கினேன்.

கதவு திரும்பத் தொறந்துச்சு. அம்மா கையில ஒரு வாழையெல. ஒரு சொம்புத் தண்ணி.

எலைய தரையில விரிச்சாவ. தண்ணி தெளிச்சுத் தொடச்சாவ.

"உக்காருங்க."

"அம்மா..."

"மடத்துல நின்னு சாப்பிடுத வழக்கமில்லியே."

"உக்காந்தா தூக்க நாலு பேரு வேணுமே தாயி."

எப்பவும் எடுபடுத பேச்சு. அம்மா சிரிக்கல. கரண்டிய எடுத்து உருளிகிட்ட நின்னாவ.

உக்காந்தேன். கையக் கழுவினேன். ஒரு கரண்டி பொங்கல் எலையில விழுந்துச்சு.

"எத்தன நாளா?"

"காப்பு கட்டின மூணாம் நாள்ல இருந்து."

"தெனமுமா?"

"வெள்ளிக்கெழம ரெண்டு தடவை."

"ருசியா இருந்துச்சா?"

யோசிச்சுப் பாத்தேன். முப்பத்தஞ்சு நாள் தின்னுருக்கேன். வெல்லம் தின்னேன், கடலை தின்னேன், பொங்கல் தின்னேன். காதுதான் வாசல்ல கிடந்துச்சு. நாக்கு என்ன சொல்லிச்சுன்னு ஞாபகம் இல்ல.

"தெரியலம்மா."

"சாப்பிடுங்க."

ஒரு வாய் எடுத்து வச்சேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே மென்னேன். நெய்யி. ஏலக்கா. அப்புறம் ஒரு கசப்பு.

"அம்மா, இது அடிப்பிடிச்சிருக்கு."

"காலையிலயே பிடிச்சுட்டு. மத்தியானம் பந்தியில ஆளுக்கொரு கரண்டி வச்சப்பவே எல்லாரும் சொன்னாவ. நீங்கதான் சொல்லல."

நான் மூணு கை அள்ளித் தின்னுருக்கேன்.

அம்மா இன்னொரு கரண்டி எடுத்தாவ. எங்க மடத்துல பரிமாறுதவுக ஒவ்வொரு கரண்டிக்கும் கேக்கணும். சாப்பிடுதவன் வாயத் தொறந்து பதில் சொல்லணும். சொல்லுத வரைக்கும் பரிமாறுதவுக நிக்கணும்.

"போதுமா அண்ணாச்சி?"

பந்தியில தெனமும் சொல்லுத வார்த்தைதான். அங்கன எட்டுப் பேரு காதுக்குச் சொல்லுவேன். இங்கன வரல. அம்மா கரண்டியோட நின்னாவ. குனிஞ்ச இடுப்பு நிமிரல.

கண்ணுல இருந்து எலையில சொட்டுச்சு. அடிப்பிடிச்ச பொங்கலுக்கு உப்பு வேறயா.

"போதும்மா."

அம்மா கரண்டிய உருளியில வச்சாவ.

"காப்ப அறுத்து வேம்புல கட்டிருதேம்மா. அடுத்த அமாவாசைக்கு, சத்தியமா..."

"அதுக்கு எத்தன நாள் இருக்கு?"

"இருபத்திரெண்டு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்..."

எனக்கே கேட்டுச்சு. பஜ்ஜி, போண்டா, கருப்பட்டி மிட்டாயி.

"சாயங்காலம் கஞ்சி உண்டு. வாங்க."

அவ்வளவுதான். குனிஞ்சு என் எலைய எடுத்தாவ. குரு சிஷ்யனோட எச்சில் எலைய எடுக்காவ. "அம்மா, நான்"னு எந்திரிக்கப் பாத்தேன். என்னால சட்டுனு எந்திரிக்க முடியுமா. தரையில கைய ஊனி, சுவரப் பிடிச்சு, நான் நிமிருததுக்குள்ள எலை வெளிய போயிட்டு.

வேம்புக்குப் போனேன். கொம்பையா அங்கனயே உக்காந்திருந்தான். தன் கயித்தக் கட்டிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தான்.

அவன் முன்னாடி நின்னு கயித்த அறுத்தேன். நெய்யில ஊறினது, சட்டுனு அறுபடல. பல்லால கடிச்சேன்.

"அண்ணாச்சி, என்ன செய்தீய?"

"கெட்டு நாளாச்சுடே."

"எத்தன நாளு?"

"மூணாம் நாளே."

அவன் விரல மடக்கிப் பாத்தான். திரும்பவும் மடக்கிப் பாத்தான்.

"அப்போ நான் வந்து உம்மகிட்ட கைய நீட்டினேனே, அன்னைக்கு?"

"அன்னைக்கு கால் கிலோ பொட்டுக்கடலை."

அண்ணாச்சி போச்சு, நீங்க போச்சு, உம்ம வந்துட்டு. அதுதான் சரி.

"எம் பொண்டாட்டிகிட்ட உம்ம பேரச் சொல்லி சத்தியம் பண்ணினேன்வே."

"ஆமா."

"ஏழு நாளா தூங்கல. உம்ம மூஞ்சிய நெனச்சுத்தான் பசியத் தாங்கினேன்."

அவன் அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். அடிக்குத ஒடம்புதான் அது. நெய்யில ஊறின என் கயித்தப் பாத்தான்.

"இப்ப என்னத்தத் தின்னுட்டு வாரீரு?"

"சக்கரப்பொங்கலு."

"முந்திரி கிடந்துச்சா?"

"கிடந்துச்சு."

"நான் வெறும் மிக்சருக்கே கெட்டேன்வே."

அவனுக்குச் சிரிப்பு வந்துட்டு. வந்த கோவத்தோடயே சிரிச்சான். நான் சிரிக்கல. வேம்புல என் கயிறு ஆறு, அவன் கயிறு ஒண்ணு. இனிமே சுத்திப் போவ வழியில்ல.

சாயங்காலம் கஞ்சி மணி அடிச்சுச்சு. ரெண்டு பேரும் எந்திரிக்கல.

"நமக்கெதுக்குவே கஞ்சி. காப்புதான் இல்லியே."

"வரச் சொல்லியிருக்காவ."

"உம்மையா, என்னையா?"

"பேரு சொல்லல."

போனோம். எல்லாரு கண்ணும் என் மணிக்கட்டுலதான். வெறுங்கையி. முப்பத்தேழு நாளாக் கயிறு கிடந்த எடம் மட்டும் மஞ்சளா இருந்துச்சு. அவ்வளவு பேருக்கு நடுவுல கம்பங்கஞ்சி குடிச்சேன். கானத் தொவையலத் தொட்டுக்கிட்டேன், கானம்னா கொள்ளு. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாவ. யாரும் ஒண்ணும் கேக்கல. அதுதான் ரொம்ப எரிஞ்சுச்சு.

அம்மா கஞ்சி வாளியோட வந்தாவ.

"போதுமா அண்ணாச்சி?"

"இன்னும் ஒரு கரண்டி."

ஊத்தினாவ.

"போதுமா?"

"போதும்மா."

மறுநாள் உக்கிராணத்துச் சாவிய அம்மாகிட்ட நீட்டினேன்.

"இது எங்கிட்ட வேண்டாம்மா."

"யாருகிட்டக் குடுக்க? மடத்துல உள்ள எல்லாருக்கும் வாய் இருக்கு."

சாவி திரும்ப இடுப்புக்கே வந்துட்டு.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் காப்பு கட்டல, தெனமும் கஞ்சிக்குப் போனோம். நான் திருந்திட்டேன்னு சொன்னா நம்பாதீய. ஐப்பசியில ஒரு கல்யாண வீடு. பதினாலு உளுந்தவடை. எண்ணினது கொம்பையா. டிக்கெட்டு எண்ணுத பழக்கம். எண்ணிக்கிட்டே அவனும் எனக்குச் சரியாத் தின்னான்.

வெளிய வந்ததும் கால் தானா முக்குக்கடைப் பக்கம் திரும்புச்சு. கெட்டது கெட்டாச்சுல்லா. அமாவாசைக்கு இன்னும் பன்னெண்டு நாள்.

கொம்பையா கேட்டான். "மணி என்ன ஆவுது?"

"அஞ்சரை."

"கஞ்சிக்கு அரை மணி இருக்குவே."

போனோம். ஒரு கரண்டிதான் எறங்குச்சு. அம்மா "போதுமா"ன்னு கேட்டாவ. வடையப் பத்திக் கேக்கல. நாங்களும் சொல்லல. ஏப்பம் சொல்லிட்டு.

உக்கிராணத்துல தின்னாலும் எலை போட்டு, உக்காந்து, தண்ணி வச்சுக்கிட்டுத்தான் திம்பேன். கேக்க ஆளில்ல, நானே கேட்டுக்கிடுவேன். "போதுமா அண்ணாச்சி?" சில நாள் பதில் சொல்ல லேட்டாவும். எலை போட்டு உக்காரணும்னாலே முட்டி வலிக்கும். அந்தச் சள்ளைக்கே பாதி நாள் உள்ள போவல.

மார்கழி கடைசியில தராசுல ஏறினேன். நூத்திப் பத்தொம்பது.

பன்னெண்டு கிலோ. டாக்டரு சொன்னது இருபது.

குருபூசைக்கு ஆள் முடிவு பண்ணக் கூடினாவ. மடத்துக் கணக்கு பாக்குத சங்கரபாண்டி எந்திரிச்சாரு.

"போன வருசம் மாதிரி ஆயிரக் கூடாதும்மா. வேற ஆளுக்குக் குடுக்கலாம். அண்ணாச்சிக்குத்தான் முட்டி..."

எம் மூஞ்சியப் பாத்து முடிக்காம உக்காந்துட்டாரு. எல்லாரும் தரையப் பாத்தாவ. அம்மா என்னையப் பாத்தாவ.

"தூக்குதியளா அண்ணாச்சி?"

"எட்டு கிலோ இன்னும் குறையணும்மா."

"அதக் கேக்கல."

"விழுந்துட்டேன்னா? போன வருசம் பூசையே பொழுது சாஞ்சுதான் நடந்துச்சு. என்னால."

"அதையும் கேக்கல."

"தூக்குதேம்மா."

குருபூச அன்னைக்கு ஊத்துல குளிச்சேன். குடத்துல தண்ணி கோரினேன். தலையில துணிச் சும்மாட்ட வச்சு, அதுக்கு மேல குடம். பின்னால அம்மா. அதுக்குப் பின்னால கொம்பையா. அதுக்குப் பின்னால ஊரு.

அம்பது படி ஒண்ணும் தெரியல. நூறுல வேர்த்துச்சு. நூத்தம்பதுல முட்டி பேச ஆரம்பிச்சுட்டு. நூத்தி எம்பதுல கத்துச்சு.

பத்துப் படி மேல அந்தச் சுமைதாங்கிக் கல்லு. ரெண்டு பக்கமும் ஆளுங்க. போன வருசம் நான் விழுந்ததப் பாத்த அதே மூஞ்சிங்க. கை தட்டுததுக்கும் கை தயாரா இருக்கு, தாங்கிப் பிடிக்குததுக்கும் தயாரா இருக்கு. எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

ஒரு எட்டு வேகமா வைக்கலாம். கால் அப்படித்தான் பழகியிருக்கு.

பின்னால இருந்து கொம்பையா சத்தம் குடுத்தான்.

"அண்ணாச்சி, ஸ்டாப்பிங் வருது. யாராவது எறங்குதியளா?"

நாலு பேரு சிரிச்சாவ. எனக்கு மூஞ்சி சுட்டுச்சு. பத்தொம்பது வருசம் தாண்டிப் போன கல்லு.

நின்னேன். கல்லுகிட்டப் போனேன். தோளச் சாச்சு, குடத்த மெதுவாக் கல்லு மேல நகத்தி வச்சேன்.

ஒரு சொட்டு சிந்தல.

சிரிச்ச நாலு பேரும் சிரிப்ப நிறுத்திட்டாவ. யாரோ ஒரு ஆத்தா, பக்கத்துல நின்னவகிட்ட மெதுவாச் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு.

"இறக்கிட்டாரே."

தலை வெறுமனே இருந்துச்சு. அவ்வளவு பேருக்கு முன்னாடி தலையில ஒண்ணுமில்லாம நிக்குதது துணியில்லாம நிக்குத மாதிரி. நாற்காலியில கீழ போனப்பகூட இப்படி இல்ல. அன்னைக்கு விழுந்தது கால். இன்னைக்கு இறக்கினது நான்.

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்போமான்னு தேடிப் பாத்தேன். ஒண்ணும் சிக்கல.

அம்மா ஏறி வந்தாவ.

"இறக்கிட்டேம்மா."

"பாத்தேன்."

"இதுவரைக்கும் இறக்கினதே இல்லம்மா."

அம்மா முந்தானையால நெத்தி வேர்வையத் தொடச்சுக்கிட்டாவ. படியில உக்காந்தாவ. குடத்தப் பாத்தாவ, அப்புறம் என்னையப் பாத்தாவ.

"சரி அண்ணாச்சி. எப்பத் தூக்கப் போறிய? இப்பயா, அடுத்த அமாவாசைக்கா?"

சும்மாட்ட நேரா வச்சுக்கிட்டு, கல்லுகிட்டப் போய் குடத்துக்குத் தலையக் குடுத்தேன்.